நான்காவது நாள் அவர் என்ன செய்தார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் பொரிந்து தள்ளியிருந்தார். வீட்டைச் சூடாக்கும் தண்ணீரைக் காய்ச்சுகிற பழைய பாய்லரை எடுத்துவிட்டுப் புதிது வைத்து, அந்தத் தண்ணீர் ஓடி அறைகளைச் சூடாக்குகிற ரேடியேட்டர்களையும் மாற்ற ஆள் வைத்தாராம். நான்கு நாள் ஆனதாம். பக்கத்து வீட்டில் இதே வேலையை இன்னொருவர் இரண்டே நாளில் முடித்துவிட்டுப் போய்விட்டாராம். நான்காவது நாள் முழுக்க அந்த மனிதர் கையை வீசிக்கொண்டு அறை அறையாகச் சுற்றியதைத்தான் பார்த்தேன் என்று முடித்திருந்தார். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, ராத்திரி படுத்தபடி யோசித்தால் அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்றும் பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் போதாமல் வெட்டுவதாக இருந்தால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் கைவைக்காதீர்கள்.

நான் 22 வருடமாக வீடுகளுக்கு ஹீட்டிங் பொருத்தும் வேலை செய்கிறவன். இந்தத் தொழிலுக்குத் தமிழில் ஒழுங்கான பெயர்கூடக் கிடையாது. ‘வெப்பமூட்டி நிறுவுநர்’ என்று எழுதினால் என் வீட்டிலேயே யார் அது என்று கேட்பார்கள். ஹீட்டிங்காரர் என்றால் எல்லோருக்கும் புரிகிறது, அப்படியே இருக்கட்டும்.

நான் தொழில் பழகிய பெரியவர் ஒருவர், சேர்ந்த இரண்டாம் மாதமே என் கையில் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்தார். ஒரு வாரத்துக்கு அரை மணிக்கு ஒரு தடவை, அந்த நிமிடத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எழுத வேண்டும். பொய் எழுதினால் தெரிந்துவிடும் என்றார், அதனால் உண்மையாகவே எழுதினேன். வாரக் கடைசியில் பார்த்தால் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கையில் குழாயோ ஸ்பேனரோ இருந்த நேரம் பாதிகூட இல்லை. மீதியெல்லாம் வண்டிக்கும் வீட்டுக்கும் நடந்தது, குழாயை வளைவில் இணைக்கும் எல்போ ஒன்று குறைகிறது என்று கடைக்கு ஓடியது, ரேடியேட்டர் எந்தச் சுவரில் வர வேண்டும் என்று வீட்டுக்காரர் போனில் பேசி முடிக்கும்வரை நின்றது, காலையில் செய்ததை மாலையில் கழற்றியது. நான் மெதுவான ஆள் இல்லை, கை வேகம்தான். ஆனால் கை வேகமாக இருந்த நேரமே குறைவு என்றால் அந்த வேகத்தால் யாருக்கு லாபம்?

அன்றிலிருந்து எனக்கு ஒரு விஷயம் தெளிவு. இந்த வேலையில் மிச்சம் பிடிக்கக்கூடிய நேரம் ஒரு இடத்தில் இருக்கிறது, தொடவே கூடாத நேரம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. அவசரக்காரர்கள் இரண்டையும் மாற்றிப்போட்டுக்கொள்கிறார்கள்.

மிச்சம் பிடிக்கும் நேரம் பெரும்பாலும் வேலை தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் இருக்கிறது. முதல் தடவை வீட்டைப் பார்க்கப் போகும்போது நான் ஒன்றரை மணி நேரமாவது இருப்பேன். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும், ‘பார்த்துட்டு விலை சொல்லுங்க, அளவெடுத்து என்ன பண்ணப் போறீங்க’ என்பார்கள். அளவெடுத்து என்ன செய்வேன் என்றால், ஒவ்வொரு அறையும் எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறது என்று கணக்குப் போடுவேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சுவரின் பரப்பு, அந்தச் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் எத்தனை வாட் விடுகிறது, உள்ளுக்கும் வெளிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம், மூன்றையும் பெருக்க வேண்டியதுதான். வெளிச்சுவர் 10 சதுர மீட்டர், அது விடுவது 1.5 வாட், உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 5 என்றால் 375 வாட். 2 சதுர மீட்டர் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இன்னொரு 140 வாட். அப்புறம் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, காற்று. 40 கன மீட்டர் அறையில் மணிக்கு ஒரு தடவை காற்று மாறினால் அதைச் சூடாக்க மட்டுமே 330 வாட் வேண்டும். கதவிடுக்கில் போகிற சூடு ஒரு முழுச் சுவரில் போகிற சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம்! ஆக அந்த அறைக்கு ஏறக்குறைய 850 வாட் போதும். இந்தக் கணக்கைப் போடாதவர், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மடங்கு பாய்லரை வைப்பார். அது இரண்டு நிமிடம் எரிந்து, சூடேறி, அணைந்து, மறுபடி எரிந்து, பாவம், நாளெல்லாம் அப்படியே திண்டாடும். காசும் கரி, பாய்லரின் ஆயுளும் குறைவு.

அதே முதல் வருகையில் நான் தவறாமல் செய்யும் இன்னொரு காரியம், வீட்டுக்குள் தண்ணீர் வரும் மெயின் வால்வைத் தேடிப்பிடித்து மூடிப் பார்ப்பது. சிரிக்காதீர்கள். பல வீடுகளில் அதைப் பல வருடமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். வேலை நாளன்று காலையில் குழாயை அறுக்கத் தயாராக நின்றுகொண்டு, வால்வு மூடவில்லை என்று கண்டுபிடித்தால் அன்றைய பாதி நாள் போச்சு. தரைப்பலகைக்குக் கீழே உத்தரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, சுவர் செங்கல்லா வெறும் பலகையா, ஜன்னல் திரை எவ்வளவு நீளம் தொங்கும், சோபா எங்கே வரும், இதெல்லாம் அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்வேன். சோபாவுக்குப் பின்னால் ரேடியேட்டரை மாட்டிவிட்டு அறை சூடாகவில்லை என்று புலம்பும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாமான் பட்டியல் போடுவதற்கு எனக்கென்று ஒரு பழக்கம் உண்டு. அறை அறையாக எழுத மாட்டேன். தண்ணீராக மாறிவிடுவேன். பாய்லரிலிருந்து புறப்பட்டு, வளைந்து, டீ என்கிற மூன்று வழி இணைப்பில் பிரிந்து, மாடி ஏறி, வால்வு வழியாக ரேடியேட்டருக்குள் நுழைந்து, அந்தப் பக்க வால்வு வழியாக வெளியே வந்து, திரும்பும் குழாயில் சேர்ந்து, ஃபில்டரைத் தாண்டி பாய்லருக்கே வந்து சேர்கிறவரை மனதுக்குள் போய்ப் பார்ப்பேன். வழியில் முட்டுகிற ஒவ்வொன்றும் பட்டியலில் ஏறும், கிளாம்புகூட விடுபடாது. அதற்கு மேல் எல்போவிலும், குழாயோடு குழாயைச் சேர்க்கும் கப்ளிங்கிலும் நான்கைந்து கூடுதலாக. மீந்தால் அடுத்த வீட்டுக்கு ஆகும். கடைக்கு ஒரு நடை என்பது கடைக்கு ஆகும் நேரம் மட்டும் இல்லை. கையைக் கழுவி, வண்டியைக் கிளப்பி, போய், வரிசையில் நின்று, திரும்பி வந்து, எங்கே விட்டோம் என்று யோசித்து மறுபடி கை ஓட ஆரம்பிக்கிறவரை எல்லாம் அந்த எல்போவின் விலைதான்.

வேலை நாளில் வேகம் எங்கே கிடைக்கிறது என்றால், ஒரே மாதிரி வேலையை ஒன்றாகச் செய்வதில். முதலில் பழைய தண்ணீரை வடியவிடுவேன். அது வடிகிற நேரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்காமல், எல்லா அறையிலும் ரேடியேட்டர் தாங்கிகளுக்கு அளவு குறித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, துளையெல்லாம் ஒரே மூச்சில் போட்டுவிடுவேன். டிரில்லை எடுத்தால் கடைசித் துளைவரை கீழே வைப்பதில்லை. அப்புறம் வெட்டுவது எல்லாம் வெட்டுவது, இணைப்பது எல்லாம் இணைப்பது. அறைக்கு அறை முடித்துக்கொண்டே போகிறவர்கள் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு கருவியையும் எடுத்து, வைத்து, தேடி, மறுபடி எடுக்கிறார்கள். ஆனாலும் ஆட்கள் குடியிருக்கும் வீட்டில், குழந்தை தூங்கும் அறை இருந்தால், அந்த அறையை மட்டும் முதலில் முழுசாக முடித்துக் கொடுத்துவிடுவேன், அங்கே என் சட்டம் செல்லாது. பழைய ரேடியேட்டரைத் தூக்கும்போது தலைகீழாகக் கவிழ்த்து, வால்வு இருந்த ஓட்டைகள் மேலே பார்க்கும்படி கொண்டுபோக வேண்டும். உள்ளே தேங்கியிருக்கும் கறுப்புத் தண்ணீர் கம்பளத்தில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நல்ல வேலை செய்தாலும் அந்த வீட்டில் அந்தச் சொட்டைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கருவி விஷயத்தில் நான் பழமைவாதி கிடையாது. செப்புக்குழாயை நெருப்பு வைத்துச் சால்டர் செய்வது எனக்குப் பிடித்த வேலைதான், கண்ணுக்கும் அழகாக இருக்கும். ஆனால் குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமிருந்தாலும் சூடேறாது, ஈயம் ஓடாது, மரச்சட்டத்துக்குப் பக்கத்தில் நெருப்பு வைத்தால் முடித்த பிறகும் புகைகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். இணைப்பை அழுத்தியே இறுக்கும் பிரஸ் மெஷின் அதையே சில நொடியில் முடிக்கிறது, ஈரமும் ஒரு பொருட்டில்லை. அதற்காக அதிலும் கண்ணை மூடிக்கொண்டு ஓடக்கூடாது. குழாய் எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்று பேனாவால் கோடு போட்டுவிட்டுத்தான் செருக வேண்டும், அழுத்தி முடித்த இணைப்புக்கு ஒரு குறி வைக்க வேண்டும். அழுத்த மறந்துபோன ஒரு இணைப்பு தரைக்கு அடியில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் பிசிறு. குழாயை வெட்டியதும் உள்விளிம்பில் கூர்மையாக ஒரு பிசிறு நிற்கும். அதை வழித்தெடுக்க இரண்டு மூன்று நொடி ஆகும். அதை விட்டால் தண்ணீர் அந்த இடத்தில் சுழித்து, சத்தம் போட்டு, நாளாக ஆகக் குழாயையே அரிக்கும். வெளிவிளிம்பை விட்டால், செருகும்போது இணைப்புக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கிழிக்கும். ஒரு வீட்டில் நூறு வெட்டு என்று வைத்தாலும் மொத்தம் ஐந்து நிமிடம் மிச்சம். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் சில பேர் இரண்டு மாதம் கழித்து ஒழுகுகிறது என்று போன் வந்ததும் ஒரு நாள் கூலியை இழக்கிறார்கள்.

மற்றவர்களைச் சொல்வானேன், நானே செய்த கூத்து ஒன்று இருக்கிறது. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு வீட்டில் நீளமான செப்புக்குழாயைத் தரைக்கு அடியில் உத்தரத்தில் வெட்டிய பள்ளங்களில் இறுக்கமாகப் பதித்து, மேலே பலகையை ஆணியடித்து மூடிவிட்டேன். பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, குழாய்க்கும் மரத்துக்கும் நடுவில் மெத்தென்று ஒரு பட்டை வைக்க வேண்டும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். அரை மணி நேர வேலை, சாயங்காலம் ஆகிவிட்டது, விட்டுவிட்டேன். செப்பு சூடானால் நீளும். 10 மீட்டர் குழாய் 60 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளும், ஆறினால் சுருங்கும். மரத்தில் உரசிக்கொண்டு அது நீளும்போது டிக், டிக் என்று சத்தம் வரும். இரண்டு நாள் கழித்து அந்த வீட்டு அம்மா போன் செய்து, ‘தம்பி, ராத்திரி தரைக்குக் கீழே யாரோ நடக்கிறார்கள்’ என்றார். பேய் பிசாசு ஒன்றும் இல்லை, நான்தான். போய்ப் பலகையை முழுக்கப் பெயர்த்து, சரிசெய்து, திரும்ப மூட ஒரு முழு நாள் ஆனது. அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, இனி தொடக்கூடாத நேரத்துக்கு வருகிறேன். வாசகர் கடிதம் எழுதியவர் ‘சும்மா சுற்றினார்’ என்று சொன்னது அநேகமாக இதைத்தான்.

பழைய குழாயும் ரேடியேட்டரும் இருக்கும் வீட்டில் புதுப் பாய்லரை மாட்டுவதற்கு முன் உள்ளே எல்லாவற்றையும் அலசிக் கழுவியே ஆக வேண்டும். இரும்பு ரேடியேட்டர் உள்ளுக்குள் அரித்து, காந்தத்தில் ஒட்டும் கறுப்புச் சேறாக அடியில் படிந்திருக்கும். ரேடியேட்டரின் மேல்பகுதி மட்டும் குளிர்ந்தால் உள்ளே காற்று, அடிப்பகுதி குளிர்ந்தால் பெரும்பாலும் இந்தச் சேறு. கையால் தொட்டே சொல்லிவிடலாம், யார் வேண்டுமானாலும் இன்றைக்கே பார்க்கலாம். புதுப் பாய்லரின் உள்வழிகள் மிகக் குறுகல். கழுவாமல் மாட்டினால் பல வருடச் சேறு முழுவதும் அங்கே போய் அடைக்கும். தண்ணீர் தெளிவாக வரும்வரை ஒவ்வொரு ரேடியேட்டராகத் திறந்து மூடிக் கழுவ அரை நாளாவது ஆகும். அதன் பிறகு அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சரியான அளவில் ஊற்ற வேண்டும், திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் இரண்டு நாளில் முடித்தவர் இதைச் செய்தாரா என்பது எனக்குத் தெரியாது, கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் நிரப்புவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. விரிவுக் கலம் என்று ஒன்று இருக்கும், உள்ளே ஒரு பக்கம் காற்று, நடுவில் ரப்பர்த் திரை. 100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 3 லிட்டர் கூடும். தண்ணீரை அமுக்க முடியாது, அந்த 3 லிட்டருக்கு எங்காவது இடம் வேண்டும், அதற்குத்தான் அந்தக் கலம். அதன் காற்றழுத்தத்தை அந்த வீட்டின் உயரத்துக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். தண்ணீர் 10 மீட்டர் ஏறினால் 1 பார் அழுத்தம் என்று கணக்கு. தண்ணீர் நிரப்புவதற்கு முன் என்றால் இரண்டு நிமிட வேலை. நிரப்பிய பிறகு அளந்தால் தண்ணீர் மறுபக்கம் தள்ளிக்கொண்டிருக்கும், அளவு பொய் சொல்லும், சரியாகப் பார்க்க வேண்டுமானால் அழுத்தத்தை இறக்கித்தான் ஆக வேண்டும். மாதத்துக்கு இரண்டு தடவை அழுத்தம் இறங்கிப்போகிறது, தண்ணீர் விட்டு ஏற்ற வேண்டியிருக்கிறது என்று புலம்புகிற வீடுகளில், ஒழுகல் எங்கேயும் இல்லை என்றால், நான் முதலில் பார்ப்பது இந்தக் கலத்தைத்தான்.

நிரப்பும்போது மெதுவாக, கீழ்த்தளத்திலிருந்து மேலே, காற்றை வெளியேற்றிக்கொண்டே வர வேண்டும். வால்வை முழுக்கத் திறந்துவிட்டால் சீக்கிரம் நிரம்பும், ஆனால் நுரையாகக் கலந்த காற்று மூலைமுடுக்கெல்லாம் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் கொடகொடவென்று பேசும். அழுத்தச் சோதனைக்கு ஏற்றி வைத்துவிட்டு அழுத்தமானியின் முள் அசைகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். தண்ணீரின் சூடு மாறினாலே முள் கொஞ்சம் நகரும், அது அடங்கும்வரை பொறுக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவேன். வெளியிலிருந்து பார்த்தால் மூட்டை கட்டிக் கிளம்பத் தயாராவது மாதிரிதான் தெரியும்.

தரைக்கு அடியில் குழாய் ஓடும் ஹீட்டிங் என்றால் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். சிமெண்ட் கலவை கொட்டும்போது குழாய் அழுத்தத்தில்தான் இருக்க வேண்டும், யாராவது மண்வெட்டியால் குத்திவிட்டால் மூடுவதற்கு முன்பே முள் காட்டிக்கொடுத்துவிடும். கொட்டிய பிறகு சாதாரண சிமெண்ட் தளத்துக்கு 21 நாளாவது விட்டுவிட்டுத்தான் முதல் சூடு, அதுவும் மெல்ல மெல்ல. பத்தாம் நாளே ‘குளிருது, போட்டு விடுங்க’ என்று கெஞ்சுவார்கள். போட்டால் தளம் வெடிக்கும், பழி என் மேல் வரும்.

இப்போது அந்த நான்காவது நாள். தண்ணீர் சோம்பேறி. பாய்லருக்குப் பக்கத்தில் உள்ள ரேடியேட்டர் வழியாகச் சுலபமாகப் போய்த் திரும்ப வழி இருந்தால், அது ஏன் மாடிக் கடைசி அறைவரை போகப் போகிறது? அதனால் பக்கத்து ரேடியேட்டர் தொட முடியாமல் கொதிக்கும், கடைசி அறை ஜில்லென்று இருக்கும். இதற்கு மருந்து, ஒவ்வொரு ரேடியேட்டரிலும் சூடு கூட்டிக் குறைக்கும் தலைக்கு எதிர்ப்பக்கத்தில், மூடிக்குள் ஒளிந்திருக்கும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று பங்கு பிரிப்பது. 1 கிலோவாட் ரேடியேட்டருக்கு, உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் 20 டிகிரி வித்தியாசம் வைத்தால், நிமிடத்துக்கு முக்கால் லிட்டர்கூடத் தேவையில்லை. அதற்கு மேல் போவதெல்லாம் இன்னொரு அறையின் பங்கு. பக்கத்து ரேடியேட்டரை ஏறக்குறைய மூடி, கடைசியில் உள்ளதை முழுக்கத் திறந்து, வெப்பமானியை இரண்டு பக்கக் குழாயிலும் வைத்துப் பார்த்து, கால் சுற்று திருகி, கொஞ்ச நேரம் பொறுத்து, மறுபடி வந்து பார்த்து, ஒன்றைத் திருகினால் மற்றவை மாறும், அதனால் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று. பத்து ரேடியேட்டர் வீட்டில் இதற்கு எனக்கே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். இதை விரைவாகச் செய்ய வழியே கிடையாது, தண்ணீர் சூடாகும் வேகத்தில்தான் மனிதன் நடக்க முடியும். வீட்டுக்காரர் கண்ணுக்கு ஒருவன் கையை வீசிக்கொண்டு அறை அறையாகச் சுற்றுவது மாதிரி இருக்கும்.

இதைச் செய்யாமல் போனால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. குளிர் இறங்கிய பிறகுதான் கடைசி அறை சூடாகாதது உறைக்கும். அப்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பாய்லர் சூட்டைக் கூட்டுகிறார்கள், அல்லது இன்னொருவரைக் கூப்பிட்டுத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்பைப் பெரிதாக வைக்கிறார்கள். திருகாணி ஒன்றைக் கால் சுற்று திருப்ப வேண்டிய இடத்தில் புதுப் பம்ப்!

சூட்டைக் கூட்டுவதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. இந்தக் காலத்துக் கண்டென்சிங் பாய்லர், புகையில் போகும் நீராவியைத் தண்ணீராக்கி அதிலிருக்கும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும், அதற்குத்தான் அவ்வளவு விலை. ஆனால் திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இயற்கை எரிவாயுப் புகையில் அது நடக்கும். தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய அதிக சூட்டிலேயே விட்டுவிட்டு வந்தால், வாங்கிய சாமானின் சிறப்பைப் பெட்டியிலேயே விட்டுவந்த மாதிரி. சூட்டைக் குறைத்தால் ரேடியேட்டர் தரும் வெப்பமும் குறையும், அதுவும் உண்மைதான். தண்ணீருக்கும் அறைக்கும் சராசரி வித்தியாசம் 50 டிகிரியிலிருந்து 30 ஆகக் குறைந்தால் அதே ரேடியேட்டர் பாதி வெப்பம்தான் தரும். பாய்லருக்குப் பதிலாக, குறைந்த சூட்டுத் தண்ணீரில் ஓடும் ஹீட் பம்ப் வைக்கும் வீடுகளில் ரேடியேட்டர் பெரிதாக இருப்பது அதனால்தான். முதல் நாள் போட்ட அறைக் கணக்கு இங்கேதான் திரும்ப வந்து நிற்கிறது. அந்தக் கணக்கு இருந்தால் எவ்வளவு குறைக்கலாம் என்று அங்கேயே சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் ஊகம்தான்.

எரிவாயுவைப் பற்றி நான் பேரம் பேசுவதே கிடையாது. குழாயில் கசிவு சோதனை, புகைப்போக்கி வெளியே சரியாகப் போய் முடிகிறதா, மூட்டுகள் இறுகியிருக்கின்றனவா, எரிந்த புகையைக் கருவியால் அளந்து பார்த்தது, இது நான்கும் முடியாமல் பாய்லரை ஓடவிட்டுக் கிளம்ப மாட்டேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஒரு வீட்டில் மாலை ஏழு மணிக்கு, விருந்தாளி வருகிறார்கள், அதெல்லாம் நாளைக்கு வந்து பாருங்கள் என்று என் பையைத் தூக்கி வாசலில் வைத்தார் ஒருவர். நான் பாய்லரை அணைத்து, எரிவாயு வால்வை மூடிவிட்டு, ‘சரி சார், நாளைக்கே வர்றேன், இன்னைக்கு ராத்திரி ஹீட்டிங் கிடையாது’ என்றேன். பத்து நிமிடத்தில் பை திரும்ப உள்ளே வந்தது. இந்த வேலையை உரிமம் உள்ளவர் மட்டும்தான் செய்யலாம் என்று பல நாடுகளில் சட்டம் இருப்பது சும்மா இல்லை.

வேகத்தை வைத்துச் சம்பளம் போடும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பாய்லருக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால், ஆள் எதை விடுவான்? கண்ணுக்குத் தெரியாததைத்தான் விடுவான். திரும்ப அழைப்பு வந்தால் அதற்குப் போகிறவன் பெரும்பாலும் வேறொருவன், அந்த நேரம் முதல் ஆளின் கணக்கில் ஏறுவதே இல்லை. அதை ஏற்றிப் பாருங்கள், உங்களுடைய வேகமான ஆள் யார் என்பது மாறிவிடும். நான் அப்படி ஒரு இடத்தில் மூன்று வருடம் இருந்தவன்.

வீட்டுக்காரர்களாலும் ஒரு நாளை மிச்சம் பிடிக்க முடியும். ரேடியேட்டர் வரும் சுவரை முதல் நாளே காலி செய்து வையுங்கள். எந்த இடம் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடித்துவிட்டு, ஒருவர் மட்டும் எங்களிடம் சொல்லுங்கள். குழாய் போட்ட பிறகு அந்தச் சுவர் வேண்டாம், இந்தச் சுவர் என்றால் அதற்கு ஆகும் நேரத்தை எங்கள் சோம்பேறித்தனம் என்று எழுதாதீர்கள்! எத்தனை நாள் ஆகும் என்று கேட்பதோடு, கழுவுவீர்களா, பங்கு பிரிப்பீர்களா, சூட்டை எத்தனையில் வைப்பீர்கள் என்றும் விலை பேசும்போதே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற ஆளிடம் ஒரு நாளில் முடிப்பேன் என்றாலும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக அந்த வாசகருக்கு. ஐயா, நான்காவது நாள் அவர் கையில் ஒரு சின்ன வெப்பமானியோ குழாயில் மாட்டும் கிளிப்போ இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். காலையில் வீடு குளிர்ந்திருக்கும்போது ஹீட்டிங்கைப் போட்டு, ரேடியேட்டர் தலைகளை எல்லாம் முழுக்கத் திறந்து வைத்து, அரை மணி நேரம் கழித்து பாய்லருக்குப் பக்கத்து அறையிலும் மாடிக் கடைசி அறையிலும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள், கவனம், சுடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி சூடாகியிருந்தால் அவர் சும்மா சுற்றவில்லை. கடைசி அறை இன்னும் குளிர்ந்திருந்தால் அவர் நான்கு நாளும் கடைக்குத்தான் நடந்திருக்கிறார், தாராளமாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுக்கும் போய் அதே மாதிரி தொட்டுப் பார்த்துவிட்டு, இதே பகுதியில் எழுதுங்கள், நான் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
22 வருட ஹீட்டிங்காரர் ஒருவர்